மிச்சம் வைத்த குளிசைகள்

புலம்பெயர்ந்து வந்து, துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டும் கிறகரி லேசில் படுக்கிற ஆள் இல்லை. அவர் மூன்று நாளாகக் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்ததும் மனைவி சிசிலிக்குக் கை கால் ஓடவில்லை. சிறுநீர்த் தொற்று என்று கிளினிக்கில் எழுதித் தந்த சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் குளிசையை நேரம் தவறாமல்தான் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். பரிசோதனையில் வளர்ந்த கிருமி அந்த மருந்துக்கு மசியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள்.

அங்கே அவரைப் பார்த்த டொக்டர் பார்கவி சென்னைக்காரி. "இந்த மாத்திரையை முன்னாடி எப்பவாவது சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

சிசிலிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. முன்பொரு தடவை சுகமானதும் அவர் பாதியில் நிறுத்திய இதே குளிசைகளை அவள் எறியவில்லை. கொழும்பிலிருந்து வந்த மச்சாளிடமும் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தாள். அவர் குளிருக்குள் இருமிக்கொண்டு வந்தால் தேத்தண்ணியோடு ஒரு குளிசை. அவருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

"ஓம் டொக்டர், நான்தான் கேக்காமல் எடுத்துப் போட்டனான்," என்றார் கிறகரி. "இவவுக்கு ஒண்டும் தெரியாது."

"பொய் டொக்டர். நான்தான் குடுத்தனான். தடிமன், இருமல், எல்லாத்துக்கும்." என்றாள் சிசிலி.

பார்கவி திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சளிக்கு அது வேலையே செய்யாதும்மா. ஆனா போடற ஒவ்வொரு தடவையும் உடம்புல இருக்கிற பாக்டீரியால பலவீனமானது செத்துடும், தாக்குப்பிடிக்கிறது மிஞ்சிப் பெருகும். இவருக்கு அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா இப்போ அந்த வகை மாத்திரை எதுவுமே கேக்காது. வேற மருந்து இருக்கு, நரம்புல ஏத்தணும். பத்து நாள்."

டொக்டர் போனதும் சிசிலி கேட்டாள்: "ஏனப்பா பொய் சொன்னீங்கள்?"

"உம்மை ஏசிப்போடுவா எண்டுதான்."

"எனக்கு உங்களைவிட ஏச்சுப் பெரிசே?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே வீட்டிலிருந்த குளிசைகளை எல்லாம் அழிக்கச் சொல்லி மருந்துக்கடையில் கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு மருந்து ஏற்ற, வீடிருந்த ரொக்ஸ்பரோவிலிருந்து தினமும் இருவரும் பஸ்ஸில் போய் வந்தார்கள். மருந்து ஏறும்வரை அவள் தோடம்பழம் உரித்து ஊட்டுவாள். அவர் தின்றுவிட்டுக் குறட்டை விடுவார்.

பத்தாம் நாள் தாதி ஊசியைக் கழற்றினாள்.

"வீட்டை போய் என்ன சமைக்க?" என்று கேட்டாள் சிசிலி.

"ஒண்டும் வேண்டாம். வாரும், கடையில சாப்பிடுவம்."

வாசலில் காற்று வெட்டியது. அவள் அவருடைய ஜக்கெற்றின் சிப்பை மேலே இழுத்தாள். அவர் சிறுபிள்ளைபோல் நாடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.