இருபது டேப்லெட்டும் ஒரு பிளக்கும்

நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறோம். எனக்கு ஏ பிரிவு, அவளுக்கு பி. எனக்குப் பதினேழு வருட சர்வீஸ், அவளுக்கு நாலு. ஆனால் இருபது டேப்லெட் வந்தபோது, "சின்ன டீச்சருக்குத்தான் இதெல்லாம் பழக்கம்" என்று தலைமையாசிரியர் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

வேலை செய்கிற பிளக் என் வகுப்பில் மட்டும்தான். பகலெல்லாம் டேப்லெட்டுகள் அவளிடம் இருந்துவிட்டு, சாயங்காலம் சார்ஜ் ஏற என் அலமாரிக்கு வரும். தொட்டில் என்னுடையது, பிள்ளை அவளுடையது.

சுவருக்கு அந்தப் பக்கம் டேப்லெட்டில் சிங்கம் உறுமும்; பிள்ளைகள் ஓவென்று கத்தும்.

"டீச்சர், எங்களுக்கு எப்போ சிங்கம்?" என்று என் முதல் பெஞ்சு வாயாடி கேட்டாள்.

"ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு, வரும்."

"நேத்தே சொன்னேனே, வரலியே!"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

வீட்டிலும் அதே பேச்சு. "சின்னவ கிளாஸ்ல சினிமா ஓடுதாமே. உன் கிளாஸ்ல?" என்றார் கணவர்.

"இன்டர்வெல்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. பாடம் நன்றாக நடந்தால் டேப்லெட் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும். வியாழன் மாலை நாலரைக்கு என் வகுப்பறையைப் பூட்டப் போனேன். 'வெளியேறும்போது மெயின் ஸ்விட்சை அணைக்கவும்' என்று சுவரில் ஒட்டியிருந்தது. டேப்லெட் வந்த நாள் முதல் அதை நான் அணைத்ததில்லை. அன்று விதிப்படி நடந்தேன்.

மறுநாள் அதிகாரி முன்னால் சிங்கம் பாதி உறுமலில் நின்றது. ஒவ்வொன்றாக இருபதும் கறுத்துப் போயின.

"சார்ஜ் போடலையா? யார் பொறுப்பு?"

அவள் வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஓரடி பின்வாங்கினேன்.

"நான்தான் சார். பழக்க தோஷத்துல மெயினை அணைச்சிட்டேன்" என்றாள் ஓரகத்தி. என் பக்கம் திரும்பவே இல்லை.

அட்டைப்பெட்டிகள் ஜீப்பில் ஏறின. இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். என் வாயாடி அழுதாள்.

குழாயடியில் அவளைப் பிடித்தேன். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"பின்ன? எனக்கு மெமோ வந்தா நாலு வருஷம் போகும். உங்களுக்குன்னா பதினேழுல்ல போகும்க்கா" என்று கையை உதறிவிட்டுப் போனாள்.

இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

சாயங்காலம் அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஸ்விட்சை அணைத்தது நான், வேண்டுமென்றேதான் அணைத்தேன், சின்ன டீச்சர் மீது தவறில்லை, கருவிகளைத் திருப்பி அனுப்பக் கோருகிறேன். திரும்பி வந்தால் அவள் வகுப்புக்குத்தான் போகும் என்பது கடைசி வரியில்தான் உறைத்தது. வயிறு எரிய எரியக் கையெழுத்துப் போட்டேன்.