சட்டைக் கை

வலது கை மட்டும் சட்டைக்குள் போக மறுத்தது. அப்பா இறந்து ஐந்து மணி நேரமாகிவிட்டது. உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அவர் தோளைத் தாங்கிப் பிடித்தாள். தம்பி சட்டையின் கையை விரித்துக்கொண்டு கட்டிலுக்கு மறுபுறம் நின்றான்.

அச்சகத்தில் முப்பது வருஷம் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பிடியை இழுத்து இறக்கிய கை அது.

சமையலறையில் அம்மா பாத்திரங்களை ஓசை எழாமல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவர் தூங்கும்போது செய்வதுபோலவே. விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை.

"நாளன்னைக்கு நீ என்கூட வரணும்க்கா," என்று தம்பி கிசுகிசுத்தான். "குழந்தைங்க நல ஆபீஸ்ல விசாரணை. பாப்பா முதுகைப் பாத்துட்டு டீச்சர் எழுதிக் குடுத்துட்டாங்க. பெத்த புள்ளைய அடிச்சா சட்டம் வந்து கையப் பிடிக்குமாம். நான் நல்ல அப்பன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் அப்பாவின் தோளை இன்னும் சற்று நிமிர்த்தினாள். போன வாரம் பாப்பாவுக்குத் தலைசீவச் சீப்பை எடுத்தபோது, குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டதை நினைத்தாள்.

"அடியாத மாடு படியாதும்பாரு அப்பா. அடிச்சாரு. நாம என்ன கெட்டா போயிட்டோம்?"

"மெதுவாப் பேசு," என்றாள். யாருக்காகச் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது.

தோளோடு சேர்த்துக் கையைத் தூக்கினாள். முழங்கை மடங்கவில்லை. கை முழுவதும் ஒரே கட்டையாக மேலெழுந்தது. அவள் பிடி வழுக்கியது. கை இறங்கவில்லை. உள்ளங்கை விரிந்தபடி அந்தரத்தில் நின்றது.

எதிரே தம்பியைக் காணோம். நாற்பது வயது லாரி டிரைவர், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே குந்தியிருந்தான். இரண்டு கைகளும் தலைமேல் இருந்தன. "இல்லப்பா, இனிமே இல்லப்பா," என்று மூச்சுக்காற்றாக முணுமுணுத்தான்.

அவள் கையும் தன் இடது காதைப் பொத்தியிருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. பதினோரு வயதிலிருந்து அந்தக் காது கேட்பதில்லை.

அம்மா உள்ளே வந்தாள். பிள்ளைகள் இருவரையும் பார்த்தாள். தூக்கி நின்ற கையைத் தன் இரு கைகளாலும் பற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அழுத்தினாள்.

"போதுங்க," என்றாள் அவரிடம். "விட்டுடுங்க."

அக்கா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"வர்றேன்டா," என்றாள் அக்கா. "ஆனா பாத்ததத்தான் சொல்லுவேன்."

அவன் ஏனென்று கேட்கவில்லை. குந்திய இடத்தைவிட்டு எழவும் இல்லை.

"பாப்பா, உங்கப்பாவுக்குத் தண்ணி குடும்மா," என்று அம்மா வாசற்பக்கம் குரல் கொடுத்தாள்.

பாப்பா டம்ளரை இரு கைகளாலும் ஏந்தி வந்தாள். கட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் அப்பாவின் தோளையும் விரல்நுனியையும் அளப்பதுபோல் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தே வெளியேறினாள்.

அவன் உட்கார்ந்தபடியே கையை நீட்டினான். எட்டவில்லை.