ஜெயந்தினியின் படத்துக்கு ஒரு பூட்டு

1

ஜெயந்தினி என்னிடம் கேட்டது கதை அல்ல. பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் ஒன்றுக்குப் பின்னணிக் குரலில் வாசிக்க இரண்டு பக்கம் கேட்டாள். ஒப்புக்கொண்டு மூன்று மாதமாகிறது. படம் முடியவில்லை, இரண்டு பக்கம் கதையாகிப் போயிற்று. (பெயரை மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரும் அவளுக்குப் பிடிக்கவில்லை.)

2

நமுனுகுல மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், தேயிலைச் செடிகளின் மேல்

இல்லை. இந்த மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பனி தானாக வந்துவிடுகிறது. அன்று நல்ல வெயில். மறுபடி தொடங்குகிறேன்.

ஜெயந்தினிக்கு இருபத்தாறு வயது. பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வேலை பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். இரண்டு நாள் பயிற்சிப்பட்டறைக்குப் போய் ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். அங்கே சொன்ன ஒன்றை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள்: இருப்பதை இருப்பதுபோல எடு, எதையும் தொடாதே.

எடுக்க விஷயமும் கிடைத்தது. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் (பெயர் வேண்டாம்) தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பொதுவாகக் கட்டிய புது மலசலகூடம். நான்கு அறைகள், தண்ணீரும் வந்தாயிற்று. முன்னால் கம்பிக் கதவு, அதில் பூட்டு. திறந்துவைக்க ஒரு பிரமுகர் வர வேண்டும். அவருக்குப் பதினொரு மாதமாக நேரம் கிடைக்கவில்லை. பழையது மழையில் இடிந்துவிட்டதால் லயத்துச் சனம் மேட்டுப் புதருக்குப் போய்க்கொண்டிருந்தது. படத்துக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்தாள்.

3

இங்கே ஷிபான் வருகிறான். இவனை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று முதல் இரண்டு பிரதிகளில் எடுத்துவிட்டேன். இவன் இல்லாமல் கதை நகரவில்லை.

பதுளையில் கல்யாண வீடியோ எடுப்பவன். ஜெயந்தினிக்குத் தெரிந்தவர்களில் நல்ல கெமரா வைத்திருந்த ஒரே ஆள். பூட்டிய கதவைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. ஆள் இல்லை, அசைவு இல்லை, நிறம் இல்லை என்றான். பிறகு பையிலிருந்து கல்யாணக் காருக்குக் கட்டும் சிவப்பு ரிப்பனை எடுத்துக் குறுக்கே கட்டினான். இப்போது பார்க்கிறவனுக்கு இது திறப்புக்குக் காத்திருக்கிறது என்று விளங்கிவிடும் என்றான். ஜெயந்தினிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

(இரண்டு கோடு போட்ட வாக்கியம் நினைவு வரவில்லையா என்று கேட்டேன். வந்ததாம். ஆனால் ரிப்பன் அழகாக இருந்ததாம்.)

4

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷிபான் நிறுத்திய வெள்ளைக் குடை வைத்த விளக்கையும் ரிப்பனையும் கண்ட லயம் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் பெண்கள் நல்ல சேலையில் வந்து நின்றார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நல்லையா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து, தனக்குச் சொல்லாமல் விழா வைத்ததற்குக் கோபித்தார். கோபம் முடிந்த இடத்திலிருந்தே உரையைத் தொடங்கிவிட்டார். தோட்டத்தில் காவல் பார்க்கும் வாச்சர் ரமேஸ், உத்தரவு வந்து தனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று பயந்து, சாவியோடு ஓடிவந்து பூட்டைக் கழற்றினான்.

இது விழா அல்ல, படம் என்று ஜெயந்தினி ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள். படம் எடுக்காமல் எந்த விழா நடக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பதுளையிலிருந்து வந்த பெரிய மனுஷி அவள்தான் என்று முடிவாகி, தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நல்லையாவின் உரை நீண்டுகொண்டே போயிற்று.

கொழுந்து பறிக்கும் பெரியாயிக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பது தாண்டியவள், முழங்கால் வீங்கியவள். புதர்வரை ஏறி இறங்குவதற்குள் உயிர் போய்விடும். அவளே கத்தரிக்கோலை எடுத்தாள், ரிப்பனை வெட்டினாள், முதல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே அறுபது பேர் பேசாமல் நின்றார்கள். நல்லையாகூட நிறுத்திவிட்டார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

5

அப்புறந்தான் ஜெயந்தினிக்கு உறைத்தது. பூட்டைப் பற்றிய படத்தில் பூட்டு இல்லை. ரிப்பன் கட்டுமுன் எடுத்திருந்தது ஒன்பது விநாடிதான். மலசலகூடத்துக்கு முன்னால் அதற்குள் இருபது பேர் வரிசை கட்டியிருந்தார்கள். அவள் ரமேஸிடம் போய், ஐந்தே நிமிடம் மறுபடி பூட்டித் தரும்படி கேட்டாள்.

(இதை எழுதாதீர்கள் என்றாள். இதை விட்டால் மற்றதை எழுத வேண்டியதே இல்லை என்றேன்.)

உத்தரவு எதுவும் வரவில்லை என்று ரமேஸ் அதற்குள் போனில் தெரிந்துகொண்டிருந்தான். பூட்ட ஒரு சாக்குக் கிடைத்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. பெரியாயி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்துக்குப் பூட்டுறீங்களா பாப்பா, நெசத்துக்குப் பூட்டுறீங்களா?"

"படத்துக்குத்தாங்க. அஞ்சு நிமிஷம்."

"அது பூட்டுக்குத் தெரியுமா?"

ரமேஸ் பூட்டை ஜெயந்தினியிடம் நீட்டினான். "நீங்களே பூட்டிருங்க மிஸ். நான் பூட்டலேன்னு இவங்ககிட்ட சொல்லிக்குவேன்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

6

ஒரு முடிவு: அவள் பூட்டினாள், படம் நன்றாக வந்தது. எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகு பெரியாயியை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

இன்னொன்று: பூட்டைக் கக்கூஸ் குழிக்குள் எறிந்தாள், லயமே ஆர்ப்பரித்தது. எனக்குப் பிடித்திருந்தது. குழி அடைத்துக்கொள்ளும் என்கிறான் ஷிபான்.

நடந்தது இதுதான். வரிசை முடியட்டும், கடைசி ஆள் வெளியே வந்ததும் பூட்டலாம் என்று அவள் காத்து நின்றாள். வரிசை முடியவில்லை. உள்ளே போய் வந்தவர்கள் மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். நாலு மணிக்குப் பசறை பஸ் வந்தது. அவள் பூட்டோடு ஏறிவிட்டாள்.

7

வேறு பூட்டு வாங்க முடியாதா என்று கேட்பீர்கள். பழையது தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்தில் புதியது கொடுப்பார்களாம். இது தொலையவில்லை, எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் மேசைமேல் இருக்கிறது. கதைதானே எழுதுகிறீர்கள், முடிவையும் நீங்களே எழுதுங்கள் என்று ஜெயந்தினி வைத்துவிட்டுப் போனாள்.

பூட்டு திரும்பாவிட்டால் இந்த மாதத்தோடு ரமேஸுக்கு வேலை இல்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். திரும்பினால், பிரமுகருக்கு நேரம் கிடைக்கும்வரை பெரியாயி மேட்டுக்கு ஏற வேண்டும். இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. பதினேழு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். பதினெட்டாவது: பெரியாயி அந்தப் பூட்டை

ரமேஸ் பூட்டைக் கேட்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறான். கையை நீட்டுங்கள், பூட்டை உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் கனக்கும். அவன் கதவைத் தட்டும்போது நான் வீட்டில் இருக்கப்போவதில்லை.