மூன்றாவது ஆள் கடலுக்குள் இருந்தாள்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிவிவர அலுவலகம் கப்பலில் வரும். காலையில் நாட்டின் எண்கள் பெட்டி பெட்டியாக இறங்கும். மாலை நான்கு மணிக்குப் பொதுமக்களுக்கு வழங்கப்படும். ஆறு மணி அடித்ததும் அலுவலகம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அன்று ஊரே பாத்திரத்தோடு வந்து நின்றது. மழை அளவு வாங்க வந்தவர்கள் குடம் வைத்திருந்தார்கள். பிறப்பு விகிதம் கேட்டவர்கள் துண்டை விரித்து ஏந்தினார்கள். விலைவாசி வாங்கியவர்கள் சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அமலோற்பவம் தூக்குவாளி கொண்டுவந்திருந்தாள். இருபத்தொரு வருடமாக அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் பெட்டிகளை இறக்கியதும் அவள்தான். இந்த வருடம் முதல்முறையாகக் கணக்கெடுப்பில் 'பெண் கிரேன் ஓட்டுநர்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தன்னை ஓர் எண்ணாகப் பார்க்கப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

"ஒண்ணுன்னு போட்டிருப்பான். பிரேம் போட்டு மாட்டிருவோம்," என்றான் கணவன் ராயப்பன்.

சங்கு ஊதியது. கப்பலின் மேல்தளத்தில் மரக் கவுண்டர் திறந்தது. கூட்டம் விசிலடித்தது. அமலோற்பவத்தின் முறை வந்தபோது அலுவலர் ஒரு தாளை வாளிக்குள் போட்டார்.

பெண் கிரேன் ஓட்டுநர்: *

"இது என்னய்யா, நட்சத்திரம்?"

"அது நீங்கதாம்மா. ஆனா சொல்லக் கூடாது. மூணு பேருக்குக் குறைவா இருந்தா எண் போட மாட்டோம். உங்களை யாராவது கண்டுபிடிச்சிருவாங்க."

"கண்டுபிடிக்கட்டுமே. நான் இங்கதானே நிக்கேன்?"

"எங்க நிக்கிறீங்க?" என்றார் அலுவலர். அவர் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன.

ராயப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இப்பதான் பக்கத்துல நின்னா."

"தேடாதீங்க. தேடுறது குற்றம்."

"தேடலய்யா," என்று ராயப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அமலோற்பவம் அவன் கையைப் பிடித்தாள். அவன் காற்று என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு பேரானா எண் போடுவீயளா?"

குரல் வந்த திசையைப் பார்க்காமல் அலுவலர் பதில் சொன்னார். "போடுவோம். ஆறு மணி வரைக்கும் திருத்தம் உண்டு. பொதுத் தலைப்பு இருந்தா வேற வரிகளையும் சேர்க்கலாம்."

அவள் தாளை மேலிருந்து கீழே படித்தாள். இன்னும் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. கலங்கரை விளக்கம் ஏற்றும் பெண். மூழ்கிய நங்கூரம் எடுக்கும் பெண்.

நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தெரிந்தது. விளக்கம்மா பேச்சித்தாய் கூட்டத்தின் நடுவில்தான் நின்றாள். யாரோ அவள்மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கீய அக்கா?"

"போன அறிக்கையிலேர்ந்து."

அமலோற்பவம் சைக்கிளை நகர்த்தினாள். விஷயத்தைச் சொன்னாள். பேச்சித்தாய் சந்தோஷத்தில் துள்ளினாள். நங்கூரக்காரி ஹமீதா எங்கே என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விரலால் கடலைக் காட்டினாள்.

"எப்ப மேல வருவா?"

"நங்கூரம் கெடைச்சா வருவா."

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கப்பல் புகை விட்டது. அமலோற்பவம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறினாள். பேச்சித்தாய் கப்பலுக்கு ஓடிக் கவுண்டரில் கொக்கியை மாட்டிக் கையை உயர்த்தினாள். அமலோற்பவம் நெம்புகோலை இழுத்தாள். கவுண்டர் மட்டும் கப்பலிலிருந்து கழன்று கடலுக்கு மேலே எழும்பியது.

அலுவலர் உள்ளே உட்கார்ந்தபடி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதுக்கு விதியில இடமில்ல," என்று கத்தினார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "இல்லைன்னும் போடல."

கடிகாரமும் கவுண்டருக்குள்தான் இருந்தது. அந்த உயரத்தில் அது ஆறு அடிக்கத் தயங்கியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ராயப்பன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் நின்றவரை உலுக்கினான்.

தண்ணீரில் குமிழிகள் கிளம்பின. ஹமீதா வந்தாள். தோளில் நங்கூரம் இருந்தது.

"தலைப்பு?" என்று அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"உயரத்துல வேலை பாக்குற பொம்பளைங்க!" என்று கத்தினாள் அமலோற்பவம்.

"நான் ஆழத்துலல்லா பாக்கேன்," என்றாள் ஹமீதா, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு.

அலுவலர் யோசித்தார். கவுண்டர் காற்றில் ஆடியது.

"முன்னாடி ஒரு கழித்தல் குறி போட்டா ஆழமும் உயரம்தான்," என்று சொல்லிவிட்டு எழுதினார்.

3.

ஒலிபெருக்கியில் எண் வாசிக்கப்பட்டது. துறைமுகமே அதிர்ந்தது. குடங்களைத் தட்டினார்கள். கவுண்டர் கப்பலில் இறங்கியதும் கடிகாரம் ஆறு அடித்தது. கரையில் மூன்று பெண்கள் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யார் எவள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ராயப்பன் கண்ணைத் திறந்தான். மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல ஒருத்தி என் பொஞ்சாதி," என்றான்.

"ஆமா," என்றார் அலுவலர், நகரும் கப்பலிலிருந்து. "அந்த அளவுக்குச் சொல்லலாம்."

ராயப்பனுக்கு அதுவே போதும் போலிருந்தது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மூணு பேரும் வீட்டுக்கு வாங்க. சாளை மீன் வாங்கி வச்சிருக்கேன்."

அவனே சமைத்தான். மூன்று தட்டு வைத்தான். அமலோற்பவம் வீட்டில் எப்போதும் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிடுவாள். அவன் கரண்டியை ஏந்திக்கொண்டு, எதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"யாருக்கு உப்பு கம்மியா வேணும்?"

மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று அமலோற்பவத்தினுடையது.