ஐந்தாம் நம்பர் ஊசி

மூச்சு விட்டால்கூட அவிழ்ந்துவிடும் போல இருந்தது. மாமாவின் நாற்காலி முன்னால் முட்டி போட்டிருந்தேன். பாதி முடிந்த ஸ்வெட்டரின் மேல் ஓரத்தில் கண்ணிகள், அந்தக் குட்டி நூல் வளையங்கள், வரிசையாக வாய் திறந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கை வியர்த்து ஊசி வழுக்கியது. மாமா பிசியோதெரபி முடிந்து எந்த நேரமும் வந்துவிடுவார். ஊசியை உருவியது நான்தான்.

எல்லாம் பரிசு வாங்கப் போய் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் பிறந்தநாள். அவர் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அழைப்பு வராத நேரத்தில் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து பின்னுவார். "நம்ம ஆளு வண்டியையும் பின்னி எடுப்பாரு, கம்பளியையும் பின்னி எடுப்பாரு" என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்களாம். அவரும் சிரிப்பார். பின்னலைக் கீழே வைக்க மாட்டார்.

அவருடைய மூங்கில் ஊசியின் முனை பிளந்துவிட்டது. நான் நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து அடிக்கடி தேய்ப்பார். அப்போதுதான் புது ஊசி வாங்கித் தரலாம் என்று தோன்றியது. ஆனால் எந்த நம்பர்? ஊசியில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துவிட்டது. இரண்டு ஊசியில் ஒன்றை, தச்சர் பென்சில் செருகுகிற மாதிரி காதில் செருகிக்கொண்டு அவர் பிசியோதெரபிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஸ்வெட்டரில் இருந்த ஊசிதான். தொலையாமல் இருக்கச் சும்மா செருகி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டில் ஊசியை விட்டுப் பார்த்தார்.

"அஞ்சாம் நம்பர். பின்னல் எதுல கோத்து வெச்சிருக்க?"

"எந்தப் பின்னல்?"

"இதுல இருந்ததும்மா. ஊசிய உருவினா கண்ணியெல்லாம் எங்க நிக்கும்?"

"நாற்காலி மேல இருக்கு."

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "வீட்ல பூனை இருக்கா?"

"இல்லைங்க."

"பொழச்ச. ஓடு. நூல மட்டும் இழுத்துடாத."

புது ஜோடிக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் பயந்ததற்கு ஸ்வெட்டர் மட்டும் காரணமில்லை. இரண்டு மாதம் முன்பு ஒரு சந்திப்பில் லாரி வந்து மாமாவின் வண்டியை இடித்தது. உள்ளே இருந்த நோயாளி பிழைத்துவிட்டார். மாமாவின் கை எலும்பும் கூடிவிட்டது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் வலது கை நடுங்குகிறது என்றார். அதன் பிறகுதான் இந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரை ஆரம்பித்தார். சமையலறையில் அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒரு கண்ணிகூட நழுவாம கழுத்து வரைக்கும் வந்துட்டேன்னா சாவியத் திரும்ப வாங்கிக்கறேன்க்கா. ஒண்ணு நழுவினாலும் சரி, ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கறேன்."

"டாக்டர விட்டுட்டு கம்பளிகிட்ட ஜோசியம் கேக்கறியா? நல்லா இருக்குடா."

"டாக்டர் என் எலும்பத்தான் பாத்தாரு. கைய நான்தானே பாக்கணும்."

கழுத்துக்கு இன்னும் நாலு விரல்தான் பாக்கி.

அந்த ஸ்வெட்டரை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தது, ஓடி வந்து அதன் முன்னால் முட்டி போட்டபோதுதான். எங்கேயும் ஒரு முடிச்சு இல்லை. பசை இல்லை, தையல் இல்லை. ஒரே நூல். ஒவ்வொரு கண்ணியும் கீழே இருப்பதன் கழுத்து வழியாக வெளியே வந்து, தனக்கு மேலே வரப்போவதற்காகத் திறந்து காத்திருந்தது. மேல் வரிசையைப் பிடித்திருக்க யாரும் இல்லை. ஆனாலும் அவை நின்றன. இத்தனை நாள் மாமா பயந்து பயந்து கட்டியது முழுவதும் காற்றில் நின்றது. அழுகை வந்தது. பயத்தாலா, அது அவ்வளவு அழகாக இருந்ததாலா, சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தபோது, நடுவில் ஒன்று இல்லை. அது கீழே இறங்கிப்போயிருந்தது. போன வழியெல்லாம் குறுக்கே நூல்கள், ஏணிப் படி மாதிரி. அடியில் அந்தக் கண்ணி சின்னதாகத் தலையைத் தூக்கிக்கொண்டு இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து சுவரோடு நின்றேன்.

மாமா உட்கார்ந்தார். காதிலிருந்த ஊசியை எடுத்தார். பின்னலை மடியில் போட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

"சரி, தெரிஞ்சுபோச்சு" என்றார் மெதுவாக.

"நான்தான் மாமா."

"என்ன எலி?" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நான்தான் ஊசிய உருவினேன். திரும்ப ஏத்தும்போது ஒண்ணு விழுந்துடுச்சு."

"இப்படிச் சொல்லணும்னு உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல மாமா. புது ஊசி வாங்கலாம்னு… நம்பர் தெரியல." பையிலிருந்த புது ஜோடியை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்த ரகசியம் அங்கேயே முடிந்தது.

மாமா ஊசிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின்னலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அட ஆமா, நீ ஏத்தினதுல பாதி கண்ணி திரும்பி நிக்குது. பள்ளிக்கூட வரிசையில பசங்க முதுகக் காட்டிட்டு நிக்கற மாதிரி" என்றார். "ஊசிய உருவி நம்பர் பாத்த மொத ஆளு நீயாத்தான் இருப்ப. வண்டி என்ன மாடல்னு பாக்கச் சக்கரத்தக் கழட்டி எடுத்துட்டுப் போவியா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மாவோட கொண்டை ஊசி ஒண்ணு எடுத்துட்டு வா."

அதன் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துக் கண்ணிக்குள் விட்டு, முதல் படியைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒரு படி மூடி ஒரு கண்ணி ஆனது. அடுத்த படி. விழுந்தது எழுந்து, படி ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறிய இடத்தில் ஒரு தடம்கூட இல்லை, எதுவுமே நடக்காத மாதிரி. நான் அவர் கையையே பார்த்தேன். நடுக்கமே இல்லை. மேலே கடைசிப் படிகளில் கொஞ்சம் நின்றார். ஏதோ யோசித்தார். பிறகு மெதுவாக இழுத்து முடித்து, ஊசியில் ஏற்றிவிட்டார்.

"அப்ப இது உன் கணக்கு எலி. என் கணக்குல வராது."

"வராது மாமா."

"நல்ல பரிசுதான் போ" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிடும்போது அம்மாவிடம், கழுத்து நாளைக்கு முடிந்துவிடும், திங்கட்கிழமை சாவி கேட்கப் போகிறேன் என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு ஜோடி ஊசி வாங்கப் போய் மாமாவுக்கு வண்டியையே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த ஏணியை எப்படி மூடினார் என்று திரும்பப் பார்க்க ஆசையாக இருந்தது. போனில் ஒரு பின்னல் வீடியோவைப் போட்டேன். அதில் ஒரு பெண் சொன்னாள்: கண்ணி இப்போதுதான் விழுந்திருந்தால் படிகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கும். எப்போதோ நழுவி, கவனிக்காமல் அதற்கு மேலேயே பின்னிக்கொண்டு போயிருந்தால், மேல் படிகளில் நூல் போதாமல் விறைப்பாக இருக்கும். இழுத்து மூடுவது கஷ்டம்.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். அதையேதான் சொன்னாள்.

மாமாவுக்கு இது தெரியாமல் இருக்காது. மேல் படிகளில் அவர் நின்றாரே. ஆனால் நான் பார்த்தது கையை, நூலை இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு வண்டியில் அவர் பின்னால் யாரோ ஒருவர் படுத்திருப்பார், இவர் கையை நம்பி. ஏணி மூடிவிட்டது, திறந்து பார்க்கவும் முடியாது.

அந்தக் கண்ணி என்னிடமிருந்துதான் விழுந்ததா?