லட்சத்தில் ஒரு பங்கு

1979 ஆனி மாதம். தேனியில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் சுகிர்தம் உதவியாளராக இருந்தாள். பழைய பதிவேடுகளைப் புது அளவுக்கு மாற்றி எழுதச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. முன்பு லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். இப்போது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். பழைய எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதும்.

மூன்றாம் நாள், கூடலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கிணறு வந்தது. ஃபுளோரைடு 0.42. பெருக்கினாள். 4.2. ஒன்றரையைத் தாண்டினாலே குடிக்கக் கூடாது.

கோப்பைத் தேடி எடுத்தாள். அந்தக் கிணறு குடிக்க ஏற்றது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்த சான்றின் நகல் அதில் இருந்தது. சான்றுகளில் மட்டும் அப்போதே மில்லிகிராம் கணக்குதான். 0.42 மில்லிகிராம் என்று அவள் எழுத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. எண்ணை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றியிருந்தாள்.

அதிகாரி ஞானசிகாமணி முன் பதிவேட்டையும் சான்றையும் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும்தானம்மா கையெழுத்துப் போட்டிருக்கேன். போயித் தண்ணி எடுத்துட்டு வா, மறுபடி பாத்துருவோம்."

கிணற்றடியில் ராக்கம்மாள் என்கிற பெண் நின்றவாறே குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளின் பற்களில் காவி படிந்திருந்தது.

"எதுக்குத் தாயி தண்ணி எடுக்குறீக? நல்ல தண்ணின்னு முன்னமே சொல்லிட்டுப் போனாகளே."

"நாந்தான் தப்பா எழுதிட்டேன்க்கா. இனிமே இதக் குடிக்காதீக."

"எங் காலு இப்பிடி ஆனதும் இதுனாலயா?"

"இருக்கும்க்கா."

ராக்கம்மாள் திட்டவில்லை. "பெறகு எதக் குடிக்க?" என்று மட்டும் கேட்டாள். சுகிர்தம் புட்டியில் தண்ணீரை நிரப்பி மூடினாள்.

சோதனையில் 4.4 வந்தது. குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கிணற்றில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். சுகிர்தத்துக்கு மெமோ வந்தது. தன் தவறுதான் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டில் இரவு ஜெபத்தில் அவள் வாய் அசைந்தது, மனதில் ஒன்றும் ஓடவில்லை. கணவர் கேட்டபோது தலைவலி என்றாள்.

தை மாதம் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது, ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி. மாதிரி எடுக்கப் போனவள், ராக்கம்மாள் மறுபடி அந்தக் கிணற்றிலேயே இறைப்பதைக் கண்டாள்.

"அம்புட்டுத் தூரம் நடக்க முடியல தாயி."

சுகிர்தம் அவளுடைய குடத்தை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நிரப்பிக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் இறக்கினாள். நாளைக்கு யார் கொண்டுவருவார்கள் என்று இருவருமே பேசவில்லை. இரண்டு மணி பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.