தினமும் குடிக்க உகந்தது

ஞாயிறு

வகுப்பில் இன்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒயினை ருசி பார்க்கச் சொல்லித் தரும் வகுப்பு இது. பர் துபாயில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் மாலையில் நடக்கிறது. டீச்சர் தென்னாப்பிரிக்காக்காரி. அவர் நீட்டிய கிளாஸை வாங்கி, பழக்கதோஷத்தில் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டேன். ஒயின் நேரே தொண்டைக்குள் போய்விட்டது. மணமும் தெரியவில்லை, சுவையும் தெரியவில்லை.

கிளாஸில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். நாக்கில் சுழற்றிய பிறகு வாளியில் துப்ப வேண்டுமாம். வாளி மேசைமேலேயே இருந்தது. எனக்கு முன்னால் துப்பியவர்களுடைய எச்சில் அதில் சிவப்பாக நுரைத்துக் கிடந்தது. குனிந்ததும் குமட்டியது.

டீச்சர் சொல்லித் தரும் மணங்களும் இப்படித்தான்: பூனை மூத்திரம், பெட்ரோல், மாட்டுத் தொழுவம், வியர்த்த தோல். இவையெல்லாம் ஒயினுக்குப் பாராட்டு. இந்தக் கணக்கில் அஜ்மானில் வேலைக்கு வந்த நாங்கள் சிலர் சேர்ந்து தங்கியிருக்கும் ரூமும் உயர்ந்த ரகம்தான்.

குடித்ததையெல்லாம் நாட்குறிப்பாக எழுதச் சொல்லியிருக்கிறார். நிறம், மணம், சுவை, முடிவு என்ற வரிசையில் எழுத வேண்டும். வகுப்புக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, எனக்காகத் தமிழிலும் எழுதுகிறேன். எனக்கு ருசி தெரிந்த நாக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் தேற வேண்டும். தேறினால் நான் வேலை செய்யும் ஒயின் கடைக்குள் நின்று விற்கலாம், இல்லையென்றால் கிடங்குதான் என்று முதலாளி விஜயபாஸ்கர் சார் சொல்லிவிட்டார். கிடங்கு என்றால் தகரக் கூரை. போன ஆகஸ்டில் அங்கே பெட்டி தூக்கும்போது மயங்கி விழுந்தேன். இன்னொரு ஆகஸ்டைத் தாங்குவேன் என்று தோன்றவில்லை.

செவ்வாய்

சார் மால்டோவாவிலிருந்து திரும்பிவிட்டார். வருடத்துக்கு இரண்டு பயணமாவது போவார். போகிற இடத்தில் மலிவான ஒயினைக் கண்டுபிடித்து வருவார். ஒவ்வொரு புட்டிக்கும் கீழே 'விஜயபாஸ்கர் பரிந்துரை' என்று ஒரு அட்டை தொங்கும். அட்டைகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. அட்டைகளின்படி, சிலியிலும் ஜார்ஜியாவிலும் ஒரு கிழட்டு விவசாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மால்டோவாவிலும் ஒருவர் அழுதிருக்கிறார்.

கடையில் ருசி பார்க்கும் மேடை உண்டு. வாங்க வருபவர்கள் இலவசமாக ஒரு வாய் குடித்துப் பார்த்து, எவர்சில்வர் வாளியில் துப்புவார்கள். இன்று சார் என்னையும் அங்கே நிற்க வைத்தார். "பழகிக்கோ தம்பி, பரீட்சை வருதுல்ல." கண்ணை மூடிக்கொண்டு துப்பிப் பழகினேன். பாதி தாடையில் வழிந்தது. ஒரு ரஷ்யாக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு புது அட்டை எழுதச் சொன்னார். ஆரஞ்சும் சர்க்கரையும் பட்டையும் போட்டு ஒயினில் ஊறவைக்கும் சாங்ரியா என்ற பானத்துக்கு. ஸ்பெயினில் கண்டுபிடித்ததாம். கேனில் விற்கிறார். 'தினமும் குடிக்க உகந்தது' என்று எழுதினேன். அதற்கும் கீழே 'ருசி பார்த்தவர்: அன்பரசன்' என்று என் பெயரையும் போடச் சொன்னார். நான் அதை ருசி பார்த்திருக்கவில்லை. ஆனாலும் என் பெயர் அச்சில் வருவது பிடித்திருந்தது.

வியாழன்

அட்டையில் பெயர் இருக்கும்போது ருசி தெரியாமல் இருக்கலாமா என்று, கடைக்குப் பின்னாலிருக்கும் அறைக்குப் போனேன். சார் அங்கே வாளியைத் தூக்கி, துணியில் வடிகட்டி ஒரு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். துணியில் தக்கைத் துண்டுகள் தங்கின. சளி மாதிரி ஏதோ ஒன்றும் தங்கியது. பக்கத்தில் நறுக்கிய ஆரஞ்சு இருந்தது.

"சார், இது துப்புற வாளி."

"தெரியும்பா. ஆல்கஹால்ல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? நல்ல ஒயினைக் கீழ ஊத்தறது பாவம்." துணியைப் பிழிந்தார். "இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிஞ்சவன்தான் கடையில நிக்க முடியும். புரியுதா?"

புரிந்தது. வாயைத் திறந்தால் கிடங்கு.

வெளியே வந்து வாந்தி எடுத்தேன். பிறகு வழக்கம்போல எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களோ? வகுப்பில் டீச்சரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது.

ரூமுக்கு வந்தால் நாகலிங்கம் அண்ணன் கட்டிலுக்கு அடியில் ஒரு சாங்ரியா கேன். அவர் லீவில் ஊருக்குப் போகிறார். நாளை ரூமில் எல்லோருக்கும் விருந்து. "ஓம் பேரு போட்ருந்துச்சுப்பு. அதான் வாங்கியாந்தேன்" என்றார்.

வெள்ளி

மத்தியானத் தொழுகை முடிந்து தெரு அடங்கியதும் விருந்து தொடங்கியது. சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பி, கோழி வறுவலைக் கருக்கிவிட்டேன். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் எல்லோர் கையிலும் கிளாஸ். சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அதைக் குடிக்காதீங்க. கடையில ருசி பாக்குறவங்க துப்புற வாளியிலேருந்து எடுத்துத்தான் இதைச் செய்யுறாங்க. என் கண்ணால பார்த்தேன்."

கிரேன் ஓட்டும் அம்மையப்பன் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "யார்ரா துப்புறது?"

"வெள்ளைக்காரங்க, பிலிப்பினோக்காரங்க, ரஷ்யாக்காரிங்க..."

"ரஷ்யாக்காரி எச்சியா? ஏய், எனக்கு இன்னொரு கிளாஸ் ஊத்துடா! பொண்ணு பாக்காமலே முத்தம் கெடைச்சிருச்சு."

ரூமே சிரித்தது. நாகலிங்கம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லேபர் கேம்ப் தண்ணி டேங்குல புறா செத்துக் கெடந்துச்சே, அதையே குடிச்சவய்ங்கதானப்பு நாம?" என்று மிச்சத்தையும் குடித்தார்.

எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் அருவருப்பாக இருந்தது. நிறுத்த வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"என் எச்சிலும் அதுல இருக்குண்ணே. செவ்வாக்கிழமை நானும் அதுலதான் துப்பினேன்."

சிரிப்பு நின்றது. நாகலிங்கம் அண்ணன் கிளாஸைத் தரையில் வைத்தார். எழுந்து குழாயடிக்குப் போனார். விரலை விட்டு ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார்.

நான் இந்த ரூமுக்கு வந்த அன்று அவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். காலனி என்றேன். "வந்த எடத்துல என்னப்பு, எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார்.

கட்டிலில் உட்கார்ந்து வேறு காரணம் தேடிப் பார்த்தேன். வெயில், வெறும் வயிறு, இனிப்பு. எதுவும் பொருந்தவில்லை. மற்றவர்கள் துப்பியது என்று தெரிந்தும் குடித்தார். என்னுடையது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். அம்மையப்பன் அண்ணன் தன் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோழி நல்லாயிருக்கு என்றார். அது கருகியிருந்தது.

சனி

காலையில் கடைக்குப் போனபோது சாங்ரியா கேன் மேடைமேல் இருந்தது. நாகலிங்கம் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சார் கோபமாக இல்லை. தோளில் கை போடுவது போல வந்து, போடாமல் நின்றார்.

"ரூம்ல சொல்லிட்டியாம். நீ எந்தத் தெருன்னும் நாகலிங்கம் சொன்னாரு. சரி, சின்ன வயசு, போவுது. ஆனா நீ ஏம்ப்பா அதுல துப்பின?"

"துப்புறதுக்குத்தானே சார் வாளி?"

"நான் தப்பா நெனைக்கல தம்பி. எனக்கு அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கெடையாது. ஆனா நம்ம ஊர் ஆளுங்கதான் கடைக்கு நிறைய வர்றாங்க. அவங்க மனசையும் பாக்கணும்ல?" மேடைக்கு அடியில் குனிந்து ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "இது உனக்குன்னு வாங்கினது. இதுல துப்பு. கீழயே இருக்கட்டும், யார் கண்ணுலயும் பட வேணாம். பரீட்சை முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னையிலேருந்தே நீ கடையிலதான். சந்தோஷமா?"

கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு வருடமாகக் கேட்ட வேலை.

அவர் மால்டோவா புட்டியைத் திறந்து எனக்கு ஊற்றினார். வகுப்பில் சொன்னபடி செய்தேன். நிறம், அடர்ந்த சிவப்பு. மணம், மழை பெய்த மண்ணும் நாவல்பழமும். சுவை, லேசான துவர்ப்பு. நல்ல ஒயின். முதல்முறையாக என் நாக்கின்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நீல வாளி காலடியில் இருந்தது. நான் எவர்சில்வர் வாளியில் துப்பினேன். தாடையில் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

"டேய்!"

சார் வாளிக்குள் குனிந்து பார்த்தார். நான் துப்பியதை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிட முடியுமா என்று தேடுவது போலப் பார்த்தார். பிறகு அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினார். சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து டிரம்மையும் உருட்டிக் கவிழ்த்தார். ஆரஞ்சுத் துண்டுகள் சாக்கடை வாயை அடைத்துக்கொள்ள, காலால் தள்ளினார்.

"யல்லா, கிளம்பு, கிடங்குக்குப் போ. கடை, கிடையெல்லாம் கலாஸ், முடிஞ்சுபோச்சு. போடா!"

போனேன். கிடங்குக்குப் போகும் வழியில்தான் பின்னறை ஜன்னல். சார் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, டெட்டால் ஊற்றி அந்த வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது கழுவப்பட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.